அகராதியும் கலைக்களஞ்சியமும் தேட பிரவுசரில் நான்கு வழிகள்: உங்களுக்கு எது ஒத்துவரும்?

ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டும். புது டேப் திறந்து, தேடுபொறியில் அகராதியின் பெயரை அடித்து, வருகிற பட்டியலில் அதைக் கண்டுபிடித்து, உள்ளே போய், தேடல் பெட்டியில் கிளிக் செய்து, சொல்லை அடித்து, என்டர். எப்போதோ ஒரு தடவை என்றால் பரவாயில்லை. மொழிபெயர்ப்பவர்கள், மெய்ப்பு பார்ப்பவர்கள், ஆய்வு மாணவர்கள், விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் எல்லாம் இதை நாள் முழுக்கச் செய்கிறார்கள். இதைச் சுருக்க வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும், எந்த வழி என்பதில்தான் திண்டாட்டம். ஒருவர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்து நிறுவும் சின்ன நிரல்) போடு என்கிறார், இன்னொருவர் டக்டக்கோ என்ற தேடுபொறிக்கு மாறு என்கிறார், மூன்றாமவர் புக்மார்க் ஒன்றே போதும் என்கிறார். மூன்று பேர் சொல்வதும் அவரவர் வேலைக்குச் சரிதான், அதனால்தான் கேட்பவருக்குக் குழப்பம் தீர்வதில்லை.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் தேடுகிறவர்களுக்கு அட்ரஸ் பார் குறுஞ்சொல்லும் ஒரேயொரு புக்மார்க்லெட்டும் (கிளிக் செய்தால் ஒரு வேலையைச் செய்யும் புக்மார்க்) சேர்ந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும், எக்ஸ்டென்ஷன் கடைசியாக யோசிக்க வேண்டியது. ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வேலை வேறு மாதிரி என்றால் முடிவும் வேறாக வரலாம், அதற்கும் இடம் இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, தேட வேண்டிய சொல் எங்கிருந்து வருகிறது? எழுதிக்கொண்டிருக்கும்போது மனதில் தோன்றி நீங்களே அடிக்கப்போகும் சொல்லா, இல்லை படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் கண்ணில் பட்ட சொல்லா? இரண்டுக்கும் பொருந்தும் கருவிகள் வேறு. எழுதுகிறவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வாசிக்கிறவர் ஒரு கருவியை நிறுவுவதும், அப்புறம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுவதும் இதனால்தான்.

இரண்டாவது, சொல்லைத் தேடுவதற்கு முன் திருத்த இடம் கிடைக்கிறதா? ஆங்கிலப் பக்கத்தில் ஒரு சொல்லை இரட்டைக் கிளிக் செய்து அப்படியே அகராதிக்கு அனுப்பினால் பெரும்பாலும் விடை வந்துவிடும். தமிழில் பக்கத்தில் இருப்பது "மரத்தின்", அகராதியில் இருப்பது "மரம்". பக்கத்தில் "வந்திருக்கிறார்களா", அகராதியில் "வா" அல்லது "வருதல்". "கேட்டுக்கொண்டதற்கிணங்க" என்பதை அப்படியே அனுப்பினால் எந்த அகராதியும் கைவிரித்துவிடும். ஆங்கில வாசகர்களுக்காக எழுதப்பட்ட பரிந்துரைகளில் இந்த அளவுகோலே இருக்காது, நமக்கோ இதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, விசைப்பலகை. குறுக்குவழிக்கான எழுத்து ஆங்கிலத்தில், தேடும் சொல் தமிழில் என்றால் ஒவ்வொரு தேடலுக்கும் மொழியை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மிச்சப்படுத்த நினைத்த நேரம் அங்கேயே போய்விடும்.

இவை தவிர, நீங்கள் தேடுவது யார் கண்ணில் படுகிறது, கருவிக்கு என்ன அனுமதி கொடுக்கிறீர்கள், மொபைலிலும் வேறு கணினியிலும் வேலை செய்யுமா, நாளைக்கு உடைந்தால் நீங்களே சரிசெய்ய முடியுமா என்பவையும் இருக்கின்றன. இலவசமான கருவிகளில் விலை இந்த இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

## வழி 1: அட்ரஸ் பார் குறுஞ்சொல்

பிரவுசரின் அட்ரஸ் பாரில் ஒரு சின்ன அடையாளத்தை அடித்து, இடைவெளி விட்டு, சொல்லை அடித்து என்டர் தட்டினால் நேராகக் குறிப்பிட்ட தளத்தின் தேடல் முடிவுக்குப் போவது. எதையும் நிறுவ வேண்டாம். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், விவால்டி எல்லாவற்றிலும் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, பேர்தான் வேறுவேறு.

அமைப்பது இப்படி. தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதிக்குப் போய் அங்கே இருக்கும் தேடல் பெட்டியில் 9999 என்று அடித்துத் தேடுங்கள். ஏன் எண்? தமிழ்ச் சொல்லை அடித்தால் முகவரியை காப்பி செய்து ஒட்டும்போது அது சதவீதக் குறிகளாக நீண்டுவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும், "அறம்" என்ற சின்னச் சொல்லே 36 எழுத்து ஆகிவிடும். அந்தக் குவியலில் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடுவதைவிட 9999 எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எளிது. முடிவுப் பக்கத்தின் முகவரியை காப்பி செய்து, 9999 இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சதவீதக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சின்ன எழுத்து எஸ்ஸும் போடுங்கள். நீங்கள் அடிக்கும் சொல் வந்து உட்காரும் இடம் அதுதான்.

குரோமில் செட்டிங்ஸ், சர்ச் இன்ஜின், அதற்குள் சைட் சர்ச் என்ற பகுதியில் "ஆட்" அழுத்தினால் மூன்று பெட்டிகள் வரும்: பெயர், குறுஞ்சொல், முகவரி. எட்ஜிலும் ஏறக்குறைய இதேதான். பயர்பாக்ஸில் அந்த முகவரியை ஒரு புக்மார்க்காகச் சேமித்து, கன்ட்ரோல், ஷிப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் புக்மார்க் நூலகத்தில் அதன் "கீவேர்ட்" பெட்டியில் குறுஞ்சொல்லைப் போட்டால் போதும். பயர்பாக்ஸில் தளத்தின் தேடல் பெட்டி மேலேயே வலது கிளிக் செய்து சேர்க்கும் வழியும் உண்டு, அந்த மெனுவின் பெயர் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

குரோமில் அதே பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கீழே, செயலில் இல்லாத குறுக்குவழிகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் போய்வந்த தளங்களில் சிலவற்றை குரோம் தானாகவே அங்கே சேர்த்து வைத்திருக்கும். அமேசானின் ஏ9 நிறுவனம் 2005இல் கொண்டுவந்த ஓப்பன்சர்ச் என்ற வடிவத்தில் தங்கள் தேடலை அறிவித்துக்கொள்ளும் தளங்கள் இப்படி எளிதாக வந்து சேரும், விக்கிப்பீடியா அதில் ஒன்று. "ஆக்டிவேட்" அழுத்தி, குறுஞ்சொல்லைச் சுருக்கிக்கொண்டால் முகவரியை வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. முதலில் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.

குறுஞ்சொல்லாக எதை வைப்பது? விக்சனரிக்கு "வி", அகராதிக்கு "அ" என்று தமிழெழுத்து வைத்தால் ஆங்கில விசைப்பலகையில் இருக்கும்போது சிக்கல், ஆங்கில எழுத்து வைத்தால் தமிழில் இருக்கும்போது சிக்கல். நிறுத்தற்குறிகளை வைக்கலாம் என்றால் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அரைப்புள்ளி இருக்கும் பொத்தான் "ந" ஆகிவிடும், சதுர அடைப்புக்குறிகள் "ச", "ஞ" ஆகிவிடும். எண்கள் எங்கும் எண்களாகவே இருக்கும். ஆனால் 11, 12 என்று வைத்தால் "12 ஆம் வகுப்பு பாடநூல்" என்று சாதாரணமாகத் தேடும்போது அது அகராதிக்குப் போய் நிற்கும். அதனால் நான் பரிந்துரைப்பது முன்னால் பூஜ்யம் போட்ட எண்கள்: 01 தமிழ் விக்சனரி, 02 தமிழ் விக்கிப்பீடியா, 03 தமிழ் லெக்சிகன் என்று. எந்தத் தேடலும் 01 என்று தொடங்குவதில்லை. கன்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் அட்ரஸ் பார், அப்புறம் "01 மரம்", என்டர். இருக்கும் பக்கம் போகாமல் புது டேபில் வர வேண்டும் என்றால் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து. மவுஸைத் தொடவே வேண்டாம்.

ஒரே தளத்துக்கு இரண்டு குறுஞ்சொல் வைப்பதும் நல்ல பலன் தரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள் தளத்தில் தேடும்படி கிடைக்கிறது, 1862இல் வந்த வின்ஸ்லோ அகராதியும் அங்கேயே இருக்கிறது. லெக்சிகனில் தலைச்சொல்லில் மட்டும் தேடலாம், விளக்கத்துக்குள்ளும் தேடலாம். நீங்கள் தேர்ந்தெடுத்தது முகவரியிலேயே பதிந்துவிடுவதால் 03 தலைச்சொல்லுக்கு, 04 முழுத்தேடலுக்கு என்று பிரித்துக்கொள்ள முடியும். லெக்சிகனின் விளக்கங்கள் ஆங்கிலத்திலும் இருப்பதால் 04 போட்டு ஓர் ஆங்கிலச் சொல்லை அடித்தால், அந்தப் பொருள் தரும் பழந்தமிழ்ச் சொற்கள் வரிசையாக வரும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே குறுஞ்சொல் வழியைச் சொல்வேன்.

விக்கிப்பீடியாவுக்குக் குறுஞ்சொல் வைக்கும்போது கட்டுரையின் முகவரியை எடுக்காமல் தேடல் முகவரியை எடுங்கள். கட்டுரை முகவரியில் சொல்லைப் போட்டால் தலைப்பு எழுத்துக்கு எழுத்து பொருந்தாதபோது "இந்தப் பக்கம் இல்லை" என்று வந்து நிற்கும். தேடல் முகவரி என்றால் தலைப்பு பொருந்தினால் நேராகக் கட்டுரை, இல்லையென்றால் நெருங்கிய முடிவுகள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தளம் தன் முகவரி அமைப்பை மாற்றினால் குறுஞ்சொல் செத்துவிடும், ஆனால் ஒரு வரியைத் திருத்தினால் திரும்ப உயிர் வந்துவிடும், அதற்கு யாரையும் நம்பியிருக்க வேண்டாம். சில பழைய அகராதித் தளங்களில் எதைத் தேடினாலும் முகவரி மாறாமல் அப்படியே இருக்கும். சொல் முகவரிக்குள் போகாமல் பின்னால் போகிறது என்று அர்த்தம், அங்கே இந்த உத்தி குரோமில் பலிக்காது. பயர்பாக்ஸில் தேடல் பெட்டி மேல் வலது கிளிக் செய்து சேர்க்கும் வழி பெரும்பாலும் அதையும் சமாளிக்கும். ஒவ்வொரு பிரவுசரிலும் தனித்தனியாக அமைக்க வேண்டும் என்பது இன்னொரு செலவு. சஃபாரியில் இந்த அளவு சுதந்திரம் கிடையாது. தளத்தின் பெயரை அடித்துத் தேடும் வசதி ஒன்று இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய குறுஞ்சொல்லை வைக்க முடியாது.

## வழி 2: டக்டக்கோவின் பேங்

டக்டக்கோ தேடுபொறியில் ஆச்சரியக்குறியோடு ஒரு குறியீட்டைச் சேர்த்து அடித்தால் அது தன் முடிவுகளைக் காட்டாமல் நேராக அந்தத் தளத்துக்கு அனுப்பிவிடும். இதைத்தான் பேங் என்கிறார்கள். ஆச்சரியக்குறி, டபிள்யூ, அப்புறம் சொல் என்றால் விக்கிப்பீடியா. இப்படி 13,000க்கு மேல் குறியீடுகள் இருக்கின்றன. பேங்கை சொல்லுக்கு முன்னால்தான் போட வேண்டும் என்றில்லை, சொல்லை அடித்து முடித்துவிட்டுக் கடைசியில் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும்.

இதன் பெரிய பலம், நீங்கள் எதையும் அமைக்க வேண்டாம். நூலகக் கணினியிலோ நண்பரின் லேப்டாப்பிலோ டக்டக்கோ பக்கத்தைத் திறந்தால் அதே குறியீடுகள் அப்படியே வேலை செய்யும். மொபைலிலும் சஃபாரியிலும் அதேதான். தளம் முகவரியை மாற்றினாலும் திருத்துவது அவர்கள் வேலை.

பலவீனங்களும் அங்கிருந்தே வருகின்றன. பட்டியல் அவர்களுடையது, உங்கள் விருப்பத்துக்கு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முடியாது, பரிந்துரை அனுப்பலாம், அவ்வளவுதான். பெரிய ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுக்கும் அகராதிகளுக்கும் குறியீடு இருக்கும், உங்களுக்கு வேண்டிய தமிழ் அகராதிக்கு இருக்கிறதா என்று முதலில் பேங் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குறியீடுகள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் தமிழ்ச் சொல் தேடும் ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையை மாற்ற வேண்டும், இது நாள் முழுக்கத் தேடுகிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

தனியுரிமை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டக்டக்கோ வழியாகப் போவதால் போய்ச் சேரும் தளத்துக்கு நாம் யாரென்று தெரியாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டக்டக்கோ நம்மைக் கைமாற்றிவிட்டதோடு சரி, அதற்குப் பிறகு அந்தத் தளம் நேரடியாக வருகிறவரைப் பார்ப்பது போலவேதான் பார்க்கும். கூடவே, தேடும் சொல் முதலில் டக்டக்கோவின் சர்வருக்குப் போய்த்தான் திரும்புகிறது, ஆகவே குறுஞ்சொல்லைவிட ஒரு கை அதிகம்.

முதல் வழியையும் இதையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது பலர் யோசிக்காத விஷயம். டக்டக்கோவின் தேடல் முகவரியையே உங்கள் பிரவுசரில் 00 என்ற குறுஞ்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். வழக்கமான தேடுபொறியை மாற்றாமலேயே, எப்போதாவது தேவைப்படும் தளத்துக்கு 00 போட்டு பேங்கைப் பயன்படுத்தலாம். தினமும் போகும் நான்கைந்து தளங்களுக்குச் சொந்தக் குறுஞ்சொல், மற்றதற்கெல்லாம் பேங். இந்தக் கலவை நன்றாக இருக்கிறது.

## வழி 3: புக்மார்க்லெட்

புக்மார்க்கில் முகவரிக்குப் பதிலாக ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் அது புக்மார்க்லெட். புக்மார்க் பட்டையில் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும், கிளிக் செய்தால் திறந்திருக்கும் பக்கத்தின் மேல் அந்த வரி ஓடும். பக்கத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து அதைக் கிளிக் செய்தால் அகராதி திறக்கும் என்பது வழக்கமான பயன்பாடு.

வழக்கமான வடிவத்தில் எடுத்துக்கொண்டால் நான் மேலே சொன்ன "மரத்தின்" சிக்கல் இங்கேயும் அப்படியே இருக்கிறது. ஆனால் இதை நாமே எழுதுவதால் ஒரு சின்ன மாற்றம் செய்ய முடியும். தேர்ந்தெடுத்த சொல்லை நேராக அனுப்பாமல், ஜாவாஸ்கிரிப்டின் "ப்ராம்ப்ட்" கட்டளையைக் கொண்டு ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் "மரத்தின்" என்று வந்து நிற்கும். கடைசியில் இருப்பதை அழித்து "மரம்" ஆக்கி என்டர் தட்டினால் அகராதி திறக்கும். "ஓடிக்கொண்டிருந்தவனை" என்று வந்தால் "ஓடு" என்று திருத்திக்கொள்ளலாம். பக்கத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தினால் காலிப் பெட்டி வரும், அதில் நேராக அடித்தும் தேடலாம். வாசிக்கும்போது தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு பெட்டி செய்யும் உதவியை எந்தப் பளபளப்பான எக்ஸ்டென்ஷனும் செய்து நான் பார்க்கவில்லை.

நிரல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். வேலை மூன்றே படிதான்: தேர்ந்தெடுத்த எழுத்தை எடு, பெட்டியில் காட்டித் திருத்த விடு, திருத்திய சொல்லை முகவரிக்கேற்றபடி குறியாக்கி, அகராதியின் தேடல் முகவரியோடு ஒட்டிப் புது டேபில் திற. நிரல் தெரிந்த யாரிடமாவது இந்த மூன்றைச் சொன்னால் சில நிமிடத்தில் எழுதித் தந்துவிடுவார். குறியாக்கும் படியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில குறிகள் உள்ள சொற்களில் முகவரி பாதியில் அறுந்துபோகும்.

இதற்குப் பெரிய சாதகம், அனுமதி. நீங்கள் கிளிக் செய்யும் அந்தக் கணத்தில் மட்டும்தான் அது ஓடுகிறது, மற்ற நேரம் வெறும் புக்மார்க். அதே சமயம், ஓடும்போது அந்தப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் அதனாலும் பார்க்க முடியும் என்பதால், எங்கிருந்தோ கிடைத்த நீளமான, புரியாத புக்மார்க்லெட்டை ஒட்டிக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன வேலைக்கு ஓரிரு வரியே போதும்.

வேலை செய்யாத இடங்களும் இருக்கின்றன. பிரவுசரின் சொந்தப் பக்கங்களில் ஓடாது. பிரவுசரிலேயே திறந்த பிடிஎஃப்பில் தேர்ந்தெடுத்த சொல் பெரும்பாலும் அதற்குத் தெரியாது. பக்கத்துக்குள் இன்னொரு பக்கம் பதிக்கப்பட்டிருந்தால் உள்ளே தேர்ந்தெடுத்தது வெளியே தெரியாது. பாதுகாப்பு விதிகள் கடுமையாக இருக்கும் சில தளங்களில் பயர்பாக்ஸ் புக்மார்க்லெட்டைத் தடுத்துவிடலாம். முதல் தடவை புது டேப் திறக்கும்போது பாப்-அப் தடுப்பான் குறுக்கே வந்தால் அனுமதி கொடுக்க வேண்டும்.

## வழி 4: எக்ஸ்டென்ஷன்

நிறுவினால் உடனே வேலை செய்யும், பார்க்கவும் நன்றாக இருக்கும். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும், இரண்டும் கேட்கும் விலை ஒன்றல்ல.

ஒன்று, சொல்லைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால் மெனுவில் உங்கள் அகராதிகளின் பட்டியல் வருவது. இதற்கு எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி தேவையே இல்லை. வலது கிளிக் மெனுவை அழுத்தும்போது தேர்ந்தெடுத்த சொல்லை பிரவுசரே எக்ஸ்டென்ஷனிடம் கொடுத்துவிடும். ஆகவே இந்த வேலையை மட்டும் செய்யும் ஒரு எக்ஸ்டென்ஷன் "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டால், தேவைக்கு மேல் கேட்கிறது என்று அர்த்தம், வேறு ஒன்றைத் தேடுங்கள். விவால்டி பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு இதுகூட வேண்டாம், தேர்ந்தெடுத்த சொல்லை எந்தத் தேடுபொறியில் தேடலாம் என்ற பட்டியல் அதன் வலது கிளிக் மெனுவிலேயே வரும்.

இன்னொன்று, சொல்லின் மேல் இரட்டைக் கிளிக் செய்தாலோ சுட்டியைக் கொண்டுபோனாலோ அங்கேயே சின்னச் சாளரத்தில் பொருள் காட்டுவது. பக்கத்தை விட்டு நகராமல் பொருள் தெரிவதால் வாசிப்பு அறுபடாது, பிறமொழி ஒன்றைப் படித்துப் பழகுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே அருமையான வசதி. ஜப்பானிய மொழி கற்கிறவர்கள் கொண்டாடும் யோமிடான் போன்றவை திரிந்த வினைச்சொல்லைக்கூட அடிச்சொல்லுக்குக் கொண்டுபோய்ப் பொருள் காட்டுகின்றன. ஆனால் இந்த வகைக்கு எல்லாப் பக்கத்தையும் படிக்கும் அனுமதி கட்டாயம் வேண்டும். வங்கிப் பக்கம், மின்னஞ்சல், எல்லாமே அதில் அடங்கும். குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய் "கிளிக் செய்யும்போது மட்டும்" அல்லது "குறிப்பிட்ட தளங்களில் மட்டும்" என்று மாற்றிக்கொள்ளலாம், கட்டாயம் மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு தொல்லை, தேர்ந்தெடுக்கும் எழுத்தே சரியாக இருக்காது. இன்று பொதுவாகப் பயன்படும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது, தேர்ந்தெடுத்து எடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடிலேயே "ஸ்ரீ" இரண்டு விதமாக எழுதப்படுகிறது, பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே குறியீடு வேறு. "கொ" என்பதிலும் ஒற்றைக் குறியீடாக அடித்தது, இரண்டு துண்டாக அடித்தது என்று வேறுபாடு இருக்கலாம். விக்கிப்பீடியா, விக்சனரி போன்றவை இந்த இரண்டாவதைத் தாங்களே சீராக்கிக்கொள்ளும், எல்லாத் தளங்களும் அப்படிச் செய்யும் என்று சொல்ல முடியாது. நீங்களே அடிக்கும் குறுஞ்சொல் வழியில் இந்தத் தொல்லைகள் மிகக் குறைவு.

நீண்டகாலச் செலவு, இன்னொருவரின் கையில் இருப்பது. எழுதியவர் சலித்து விட்டுவிடலாம், வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம், புதிய உரிமையாளர் கொடுக்கும் பதிப்பு உங்கள் கணினியில் தானாகவே ஏறிவிடும். பிரவுசரே விதியை மாற்றலாம்: குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை 2024, 2025இல் படிப்படியாக நிறுத்தியபோது புதுப்பிக்கப்படாமல் கிடந்தவையெல்லாம் ஒரேயடியாக முடங்கின. யோமிடானின் முன்னோடியான யோமிச்சானும் 2023இல் நிறுத்தப்பட்டது, தொடர்ந்து நடத்த ஆட்கள் வந்ததால் அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பினார்கள். அலுவலகக் கணினிகளில் எக்ஸ்டென்ஷன் நிறுவவே விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குறுஞ்சொல் | பேங் | புக்மார்க்லெட் | எக்ஸ்டென்ஷன் |
|---|---|---|---|---|
| எந்தச் சொல்லுக்கு ஏற்றது | நீங்கள் அடிப்பது | நீங்கள் அடிப்பது | பக்கத்தில் இருப்பது | பக்கத்தில் இருப்பது |
| விகுதி ஒட்டிய தமிழ்ச் சொல் | அடிச்சொல்லையே அடிப்பதால் சிக்கலில்லை | அதேபோல் | பெட்டியில் திருத்தலாம் | பெரும்பாலும் அப்படியே போகும் |
| விசைப்பலகை மாற்றம் | எண் வைத்தால் வேண்டாம் | ஒவ்வொரு முறையும் | திருத்தும்போது மட்டும் | வேண்டாம் |
| வேண்டிய தளத்தைச் சேர்க்க | எதையும், முகவரி மாறும் தளமென்றால் | பட்டியலில் உள்ளவை மட்டும் | எதையும், அதே நிபந்தனையோடு | எக்ஸ்டென்ஷனைப் பொறுத்தது |
| அனுமதி, தனியுரிமை | கூடுதலாக யாரும் இல்லை | டக்டக்கோ வழியாக | கிளிக் செய்யும்போது மட்டும் | வகையைப் பொறுத்து, சில சமயம் எல்லாமே |
| வேறு கணினியில் | பிரவுசர் கணக்கோடு வராவிட்டால் திரும்ப அமைக்க வேண்டும் | உடனே | புக்மார்க்கோடு வரும் | பிரவுசர் கணக்கோடு வராவிட்டால் திரும்ப நிறுவ வேண்டும் |
| உடைந்தால் | நீங்களே, ஒரு வரி | அவர்கள் | நீங்களே | காத்திருக்க வேண்டும் |

## யார் எதை எடுப்பது

எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர் என்றால் வழி 1, யோசிக்கவே வேண்டாம். நான்கைந்து குறுஞ்சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள், நினைவில் நிற்காதவை பயன்படாது.

தமிழில் வாசித்துக்கொண்டே பொருள் பார்க்கிறவர், குறிப்பாகப் பழைய உரைகளோ ஆய்வுக் கட்டுரைகளோ படிக்கிறவர் என்றால், பெட்டி காட்டும் புக்மார்க்லெட். லெக்சிகனுக்கு ஒன்று, விக்சனரிக்கு ஒன்று என்று இரண்டு பொத்தான் போதும்.

பல கணினிகளில் மாறி மாறி வேலை செய்கிறவர், ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களையே அதிகம் பார்க்கிறவர் என்றால் பேங். ஆங்கிலமோ வேறு மொழியோ படித்துப் பழகுகிறவர், வரிக்கு வரி பொருள் தேவைப்படுகிறவர் என்றால் மட்டும் சாளரம் காட்டும் எக்ஸ்டென்ஷனுக்கு அதன் விலையைக் கொடுக்கலாம், அதுவும் தனியாக ஒரு பிரவுசர் சுயவிவரத்தில் நிறுவி, வாசிப்புக்கு மட்டும் அதைத் திறந்தால் வங்கியும் மின்னஞ்சலும் அதன் பார்வைக்கு வெளியே இருக்கும்.

இணையம் அடிக்கடி போகிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த நான்கும் உதவாது. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் விக்கிப்பீடியாவையும் விக்சனரியையும் முழுசாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். கோல்டன்டிக்ட் உங்களிடம் இருக்கும் அகராதிக் கோப்புகளை ஒன்றாகத் தேடும், கன்ட்ரோலைப் பிடித்தபடி சி-யை இரண்டு தடவை தட்டினால் தேர்ந்தெடுத்த சொல்லோடு அதன் சாளரம் மேலே வரும், பிரவுசருக்கு வெளியே வேர்ட் கோப்பிலும் இது வேலை செய்யும்.

## மொபைலில்

குரோமின் குறுஞ்சொற்கள் ஆண்ட்ராய்டுக்கு வராது. ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸ் வைத்திருந்தால் அதன் தேடல் செட்டிங்ஸில் அதே முகவரியை, அதே சதவீதக் குறியோடு, ஒரு தேடுபொறியாகச் சேர்க்கலாம், தேடும்போது பட்டியலிலிருந்து அதைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். புக்மார்க்லெட் ஆண்ட்ராய்டு குரோமிலும் ஓடும்: சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அட்ரஸ் பாரில் அந்த புக்மார்க்கின் பெயரை அடித்து, கீழே வரும் பரிந்துரையில் அதைத் தொட வேண்டும். அதனால் அதற்குச் சின்னப் பெயராக வையுங்கள். விக்கிப்பீடியா செயலி நிறுவியிருந்தால் எந்தச் செயலியிலும் சொல்லை அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவில் விக்கிப்பீடியாவில் தேடும் தேர்வும் சேர்ந்துவிடும், மெனுவின் மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருந்தால் அங்கே பாருங்கள். அங்கேயும் சொல் விகுதியோடுதான் போகும், செயலிக்குள் போனபிறகு தேடல் பெட்டியில் திருத்திக்கொள்ளுங்கள்.